கொண்டை ஊசி வளைவு: பெயர் வந்த கதை



சேலத்துக்காரர்களிடம் ஏற்காடு என்று சொன்னால் ஏரியும் படகும் அப்புறம்தான் ஞாபகம் வரும். முதலில் வருவது இருபது கொண்டை ஊசி வளைவுகள். மலை ஏறும் நண்பனுக்கு போன் போட்டால் "எங்கடா இருக்க?" என்பதற்கு "பதினாலு தாண்டியாச்சு" என்று பதில் வரும். கிலோமீட்டர் கணக்கு அந்த ரோட்டில் யாருக்கும் தேவைப்படுவதில்லை. வண்டி பஞ்சர், குரங்குக் கூட்டம், மண் சரிவு, டிராஃபிக் ஜாம் எல்லாவற்றுக்கும் வளைவு எண்தான் முகவரி.

இப்படி தினமும் வாயில் புழங்கும் சொல்லாச்சே, அந்த ஊசியை எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று எங்கள் பி.காம். வகுப்பில் ஒரு நாள் கேட்டுப் பார்த்தேன். பையன்கள் விழித்தார்கள். பெண்கள் "ஓ, யூ பின்னா?" என்றார்கள். தெலுங்கு வீட்டுப் பையன் ஒருவன் மட்டும் ரொம்ப நம்பிக்கையாக, "தெலுங்குல கொண்டன்னா மலை. மலையில இருக்கிற ஊசி மாதிரி வளைவு, அதான் கொண்டை ஊசி" என்று அடித்துச் சொன்னான். வகுப்பே கை தட்டியது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. திருமலையில் இருப்பவர் கொண்டல ராயுடு இல்லையா, அதே கொண்ட!

ஆனால் விஷயம் அதுவல்ல. அந்த வாதத்தில் நான் எடுத்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஊசியைப் பார்த்துவிடுவோம். ஒரு விரல் நீளத்துக்கு மெல்லிய கம்பி. அதை நடுவில் மடக்கினால் இரண்டு கால்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒரு முனை மூடியிருக்கும், மறுமுனை திறந்திருக்கும். சில ஊசிகளில் காலின் நடுவில் கொஞ்சம் நெளிவு வைத்திருப்பார்கள், முடியிலிருந்து நழுவாமல் இருக்க. கூந்தலைச் சுருட்டிக் கொண்டை போட்டபின் நாலு பக்கமும் இதைச் செருகினால் கொண்டை அசையாது. இப்போது கடையில் போய் கொண்டை ஊசி என்று கேட்டால் பாதிக் கடைக்காரர்களுக்குப் புரியாது, யூ பின் என்று கேட்க வேண்டும். பரதநாட்டியம் ஆடுகிறவர்களும் கல்யாணப் பெண் அலங்காரம் செய்கிறவர்களும்தான் இன்று பெட்டி பெட்டியாக வாங்குகிறார்கள். மற்றவர்களுக்கு கிளிப்பும் ரப்பர் பேண்டும் போதும்.

கொண்டை என்ற சொல் பழையது. பெண்கள் கூந்தலை ஐந்து வகையாக முடிப்பதை ஐம்பால் என்பார்கள். அந்த ஐந்தை எண்ணும்போது உரைகளுக்குள் சின்னச் சின்ன வேறுபாடு உண்டு. முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என்பது ஒரு வரிசை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனில் கொண்டைக்குக் கூந்தல் முடிச்சு மட்டுமல்லாமல் பறவையின் உச்சிச் சிகை, ஆணி போன்றவற்றின் தலை என்றெல்லாம் பொருள் உண்டு. சேவல் கொண்டை நமக்குத் தெரிந்ததுதானே.

இங்கே ஒரு வேடிக்கை. ஆணியின் தலையும் கொண்டைதான் என்றால், 'கொண்டை ஊசி' என்பதைத் தலை உள்ள ஊசி, அதாவது குண்டூசி என்றும் படிக்கலாம்! பத்தாம் வகுப்புத் தமிழ் இலக்கணம் இப்படி ஒரு நாள் உதவும் என்று நினைக்கவே இல்லை. 'கொண்டையை உடைய ஊசி' என்று விரித்தால் இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை, கையில் கிடைப்பது குண்டூசி. 'கொண்டைக்குச் செருகும் ஊசி' என்று விரித்தால் நான்காம் வேற்றுமை, கிடைப்பது யூ பின். வழக்கு இரண்டாவதைத்தான் எடுத்துக்கொண்டது. பிறகு அதோடு 'வளைவு' சேர்ந்தபோது, கொண்டை ஊசி போன்ற வளைவு என்று உவமைத்தொகை ஆகிவிட்டது. மூன்று சொல்லுக்குள் இரண்டு தொகை. (தமிழ் ஐயா படித்தால் சந்தோஷப்படுவார்.)

ரோட்டுக்கு இந்தப் பெயர் வந்தது ஆங்கிலத்திலிருந்து. அங்கே ஹேர்பின் என்ற சொல் முதலில் தலைமுடிக்கு மட்டும்தான் இருந்தது. சாலை வளைவுக்கு அதைச் சொல்ல ஆரம்பித்தது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மோட்டார் கார் வந்த பிறகு. இதில்தான் எனக்கு ஆச்சரியம். ஏனென்றால் அந்த மாதிரி ரோடுகள் அதற்கு முன்பே இருந்தன. இத்தாலியில் ஆல்ப்ஸ் மலையின் ஸ்டெல்வியோ கணவாய்ச் சாலை 1820களில் போடப்பட்டது. கார்லோ டொனேகானி என்ற பொறியாளர் 1825இல் முடித்தார். ஒரு பக்கச் சரிவில் மட்டும் 48 வளைவுகள். படம் பார்த்தால் மலைமேல் யாரோ கயிற்றை மடித்து மடித்துப் போட்டது போல இருக்கும். அந்தச் சாலையில் முக்கால் நூற்றாண்டு குதிரை வண்டிகள் ஓடியிருக்கின்றன. அப்போது யாருக்கும் ஹேர்பின் ஞாபகம் வரவில்லை.

ஏன் என்று யோசித்தேன். குதிரை வண்டியிலோ மாட்டு வண்டியிலோ போகிறவனுக்கு வளைவு ஒரு பயம் இல்லை. ஏறுவதுதான் கஷ்டம், வளைவில் கொஞ்சம் மூச்சு வாங்கலாம். காருக்கு நிலைமை தலைகீழ். ஏற்றத்தை இன்ஜின் பார்த்துக்கொள்ளும், ஆபத்து வளைவில்தான். வேகம் வந்த பிறகுதான் 'இது சும்மா வளைவு இல்லை, வந்த திசையிலேயே திருப்பி அனுப்பும் வளைவு' என்று பிரித்துச் சொல்ல ஒரு பெயர் தேவைப்பட்டது. கொண்டை போட்ட பெண்கள் அப்போது ஒவ்வொரு வீட்டிலும் இருந்தார்கள், மேசை மேல் ஹேர்பின் கிடந்தது, பெயர் கிடைத்துவிட்டது.

இதே வடிவத்தை ஒவ்வொரு ஊர்க்காரனும் எதோடு ஒப்பிட்டான் என்று பார்த்தால் இன்னும் சுவாரசியம். பிரெஞ்சுக்காரர்கள் இதை லாஸே என்றும் சொல்வார்கள், அது ஷூ லேஸ் (ஊசி உவமையும் அவர்களிடம் உண்டு). ஸ்பானிஷ்காரர்களுக்கு இது குதிரை லாடம். இத்தாலியர்கள் உவமையே போடாமல் 'திரும்புவது' என்ற பொருளில் தொர்னாந்தே என்று முடித்துக்கொண்டார்கள். ஜெர்மன், சீனம், ஜப்பான் மொழிகளில் மறுபடியும் தலைமுடிதான். பக்கத்தில் கேரளாவில் தாமரசேரி சுரத்தில் உள்ள ஒன்பது வளைவுகளை ஹெயர்பின் வளவு என்று ஆங்கிலத்தையே வைத்துக்கொண்டார்கள்.

தமிழ் என்ன செய்தது பாருங்கள். ஹேர் என்பதற்கு நேர் சொல்லைப் போட்டு மொழிபெயர்த்திருந்தால் அந்த போர்டை வீட்டுப் பெரியவர்கள் முன்னால் வாய்விட்டுப் படிக்க முடியாது :-) அந்த வழிக்கே போகாமல், அந்த ஊசி நம் வீட்டில் எதற்குப் பயன்பட்டதோ அதை வைத்துப் பெயர் சொன்னது. முடி என்று இருக்க வேண்டிய இடத்தில் கொண்டை வந்தது அப்படித்தான். என் தெலுங்கு நண்பனின் மலை அங்கே இல்லை, மன்னிக்கவும். கடன் வாங்கிய சொல் மாதிரியே தெரியாதபடி ஒட்டிக்கொண்டதால்தான் அவனுக்குச் சந்தேகமே வந்தது.

எல்லாச் சொல்லுக்கும் இந்த யோகம் வாய்ப்பதில்லை. ஏற்காட்டிலேயே இன்னொரு வடிவச் சொல் இருக்கிறது: லூப் ரோடு. ஏரிப் பக்கத்தில் கிளம்பி காபித் தோட்டங்கள், மலைக் கிராமங்கள் வழியாகச் சுற்றி மறுபடி ஏரிக்கே வந்து சேரும் 32 கிலோமீட்டர். அதை இன்று வரை எல்லோரும் லூப் ரோடு என்றுதான் சொல்கிறார்கள். வளையச் சாலை என்று யாராவது சொன்னால் வழி கேட்கவே முடியாது. லூப் வேறு, கொண்டை ஊசி வேறு. லூப்பில் கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்வோம். கொண்டை ஊசியில் கிளம்பிய இடத்துக்கு மிக அருகில் வருவோம், ஆனால் ஒரு மாடி மேலே.

இதையே யூ டர்னோடும் குழப்பிக்கொள்ளக் கூடாது. யூ டர்ன் நாம் செய்வது. கொண்டை ஊசி ரோடு செய்வது. அரசியல்வாதி யூ டர்ன் அடிப்பார், கொண்டை ஊசி அடிக்க முடியாது. எங்கள் பொருளாதாரப் பாடத்தில் வி வடிவ மீட்சி, யூ வடிவ மீட்சி என்று உண்டு, 2020 கொரோனாவுக்குப் பிறகு கே வடிவ மீட்சி என்று ஒன்றும் சேர்ந்துகொண்டது. எழுத்துகளை விட்டு வெளியே வர மாட்டார்கள் போல.

சரி, விஷயத்துக்கு வருவோம். கொண்டை ஊசி வளைவு என்றவுடன் நாம் நினைப்பது அந்தத் திரும்பும் இடத்தை மட்டும்தான். ஊசியைக் கையில் எடுத்துப் பாருங்கள், மடங்கிய இடம் ரொம்பக் கொஞ்சம், மீதி எல்லாம் கால்கள். அந்த இரண்டு கால்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் மலை ரோடு புரியும்.

காமர்ஸ்காரன் கணக்கு ஒன்று போடுகிறேன். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அடிவாரம் வரை உள்ள மெல்லிய ஏற்றத்தைக் கழித்தால் மலையில் ஏற வேண்டியது 1,100 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இந்தியச் சாலைப் பேரவையின் மலைச்சாலைக் கையேடு, மலைப் பகுதியில் சாதாரணமாக 20 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம் வைக்கச் சொல்கிறது. அப்படியானால் 1,100 மீட்டர் ஏற 22 கிலோமீட்டர் ரோடு வேண்டும். மலை முகப்பில் அவ்வளவு நீளம் நேராகக் கிடைக்காது. என்ன செய்வது? கம்பியை மடிக்கிற மாதிரி ரோட்டை மடிக்க வேண்டும். கொண்டை ஊசி என்பது இடப் பற்றாக்குறைக்குக் கொடுக்கும் விலை. கொஞ்சம் தூரம் போய், இடம் தீர்ந்ததும் திரும்பி, அதே சரிவில் அடுத்த வரியை எழுதுவது.

இதிலிருந்து ஒன்று தெரியும். வளைவின் எண்ணிக்கை மலையின் உயரத்தைச் சொல்லாது. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை ஏற்காட்டைவிட உயரம் குறைவு, மேல்தளம் 1,000 முதல் 1,300 மீட்டர்தான். ஆனால் அங்கே 70 கொண்டை ஊசி வளைவுகள்! இங்கே 20. (கொல்லிமலைக்காரர்கள் நம்மைப் பார்த்துச் சிரிப்பது நியாயம்தான்.) 22 கிலோமீட்டரை 20 இடத்தில் மடித்தால் ஒரு கால் சராசரியாக ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். கொல்லிமலையில் 900 மீட்டர் ஏறுவதற்கு இதே கணக்குப்படி 18 கிலோமீட்டர். அதை 70 இடத்தில் மடித்தால் ஒரு கால் கால் கிலோமீட்டர்தான்! இது வெறும் பேப்பர் கணக்கு, நிஜ ரோட்டில் வளைவுகள் இப்படிச் சம தூரத்தில் இருக்காது. ஆனால் அடிப்படை இதுதான். சேர்வராயன் மலையில் ரோடு பக்கவாட்டில் நீளமாக ஓட இடம் கிடைத்தது, கொல்லிமலையில் செங்குத்துச் சரிவில் குறுகக் குறுக மடிக்க வேண்டி வந்தது. வால்பாறை ரோட்டில் 40, ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடி இறங்கும் ரோட்டில் 36, திம்பத்தில் 27, மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 14. இவற்றில் ஊட்டிதான் மிக உயரம், வளைவு மிகக் குறைவு.

மனிதன் நடக்க இவை எதுவும் தேவையில்லை. சேர்வராயன் மலையின் பூர்வகுடி மலையாளி மக்கள் (கேரளத்தவர் இல்லை, பெயர்தான் அப்படி) கொடிவழியாக நேரே ஏறி இறங்கியவர்கள். காலுக்குப் படி போதும், சக்கரத்துக்குத்தான் மடிப்பு வேண்டும். மலைக்குச் சக்கரம் தேவைப்பட்டது காபியால். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்தார் என்பது வரலாறு. ஆரம்பத்தில் துரைமார்கள் குதிரையிலும் ஆட்கள் தூக்கிய நாற்காலியிலும் மேலே போனார்கள். மூட்டை மூட்டையாகக் காபி கீழே இறங்க வேண்டும் என்றால் நாற்காலி பத்தாதே. மலைக்கு வண்டி ரோடு போடுவதும் சரக்குப் போக்குவரத்துச் செலவும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள்.

இடையில் ஒரு சின்னக் கோபம். பல இணையப் பக்கங்களில், 1842இல் சர் தாமஸ் மன்றோ கவர்னராக இருந்தபோது ஏற்காடு கண்டுபிடிக்கப்பட்டது என்று ஒரு வரி காப்பி பேஸ்ட் ஆகிக்கொண்டே இருக்கிறது. மன்றோ 1827லேயே காலராவில் இறந்துவிட்டார். அப்புறம் 15 வருஷம் கழித்து எப்படிக் கவர்னராக இருப்பார்? தவிர, மலையிலேயே பிறந்து வளர்ந்த ஜனங்கள் இருக்கும்போது 'கண்டுபிடிப்பு' என்ன கண்டுபிடிப்பு! ப்ராஜெக்ட் செய்கிற தம்பி தங்கைகள் தயவுசெய்து அந்த வரியை எடுத்துப் போடாதீர்கள்.

மறுபடி வளைவுக்கு வருகிறேன். மடங்கும் இடத்துக்கும் கையேட்டில் விதி உண்டு. உள்பக்க ஆரம் குறைந்தது 14 மீட்டர். இரண்டு வழி மாநில, தேசிய நெடுஞ்சாலை என்றால் வளைவின் உச்சியில் அகலம் 11.5 மீட்டர். வடிவமைப்பு வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர். ஒரு கொண்டை ஊசிக்கும் அடுத்ததற்கும் நடுவில் குறைந்தது 60 மீட்டர் இடைவெளி. வளைவுக்குள் ஏற்றம் 40க்கு 1க்கு மேல் போகக் கூடாது, அதாவது மற்ற இடத்தில் இருப்பதில் பாதி. (ஃபார்முலா ஒன் ரசிகர்களுக்கு: மொனாக்கோவின் பேர்பெற்ற ஹேர்பின்னில் அந்த ராக்கெட் கார்களே மணிக்கு 50 கிலோமீட்டர் அளவுக்கு இறங்கித்தான் திரும்புகின்றன. நம்ம ஆள் பல்ஸரில் 60இல் போகிறான்.)

அந்தப் பாதி ஏற்ற விதி ஏன் என்பது எனக்கு முதலில் புரியவில்லை. படம் போட்டுப் பார்த்தபின் புரிந்தது. உள் ஓரம் 14 மீட்டர் ஆரத்தில் அரை வட்டம் என்றால் நீளம் 44 மீட்டர். வெளி ஓரம் 25.5 மீட்டர் ஆரம், நீளம் 80 மீட்டர். இரண்டும் ஏறுவது ஒரே உயரம்தான். எனவே உள் ஓரத்தில் ஏற்றம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு செங்குத்து. இந்தியாவில் நாம் இடது பக்கம் ஓட்டுகிறோம். மேலே ஏறும் பஸ்ஸுக்கு இடது கை வளைவு வந்தால், அது போக வேண்டியது இந்தக் குட்டையான, செங்குத்தான உள் ஓரத்தில். பதினோரு, பன்னிரண்டு மீட்டர் நீள பஸ் அங்கே ஒடிக்க முடியாமல் எதிர்ப்பக்கம் வரை அகட்டித்தான் திரும்பும். பின்னால் வரும் நாம் "ஏன்யா ரோடு முழுக்க எடுத்துக்கிறான்" என்று திட்டுவோம். அவருக்கு வேறு வழி இல்லை. மலைப்பாதையில் ரோடு குறுகலான இடத்தில் இறங்கும் வண்டிதான் ஏறும் வண்டிக்கு வழி விட வேண்டும் என்று சாலை விதி சொல்வது இதற்காகவும்தான். ஏறும் வண்டி பாதியில் நின்றால் மறுபடி கிளப்புவது பெரும்பாடு.

இரண்டு கால்கள் என்றேனே, அதன் இன்னொரு பக்கம் கசப்பானது. ஊசியின் கால்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. மலையில் அப்படி என்றால், மேல் ரோட்டுக்கு நேர் கீழே இருப்பது வெறும் பள்ளம் இல்லை, அதே ரோடு. மேலே தடுப்பை உடைத்துக்கொண்டு போகும் வண்டி கீழே வந்துகொண்டிருப்பவர்களின் பாதையில் வந்து விழும். 2024 ஏப்ரல் 30 அன்று ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கிய தனியார் பஸ் ஒன்று அப்படித்தான் மேல் வளைவிலிருந்து கவிழ்ந்து கீழே உள்ள வளைவுப் பக்கம் விழுந்தது. உயிர்கள் போயின, ஐம்பது பேர் போலக் காயம்பட்டார்கள். கோடை விடுமுறைக் கூட்டம். மறுநாள் பேப்பரில் வளைவு எண் போட்டுத்தான் செய்தி வந்தது. அந்த எண்ணைப் படித்தவுடன் சேலத்தில் எல்லோருக்கும் இடம் கண்முன் வந்துவிட்டது, அத்தனை முறை போய் வந்த இடம்.

எல்.எல்.ஆர். பரீட்சையில் இந்த வளைவுக்கு ஒரு கேள்வி உண்டு. முக்கோணப் பலகையில் மடங்கிய அம்பு, விடை 'வலது கொண்டை ஊசி வளைவு' அல்லது 'இடது'. அம்பு எந்தப் பக்கம் என்று பார்த்து டிக் அடித்துவிட்டு வந்துவிடுகிறோம். சமவெளியில் ஓட்டிப் பழகி, முதல் முறையாக மலை ஏறுகிற ஒருவருக்கு அந்தப் படம் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது: வேகம் 20, ஏறுகிறவருக்கு வழி, எந்த கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு, பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதே. அதிகமாக மிதித்தால் பிரேக் சூடாகிப் பிடிமானம் குறைந்துவிடும். இருபது வளைவிலும் மிதித்து இறங்கிய வண்டியிலிருந்து கிளம்பும் தீய்ந்த வாடை அடிவாரத்தில் டீ குடிக்கிறவர்களுக்குத் தெரியும்.

ரயிலுக்கு இந்த ஊசியே சரிப்படாது, அதனால் அது வேறு வடிவங்களைத் தேடிக்கொண்டது. மும்பை புனே பாதையில் போர் காட் மலையில் 1860களில் திரும்பும் நிலையம் ஒன்று வைத்தார்கள். ரயில் ஒரு முனைக்குப் போய் நிற்கும், இன்ஜினை மறுமுனையில் மாட்டி அடுத்த காலில் ஏறும். டார்ஜிலிங் ரயிலில் இசட் வடிவமும் லூப்பும் உண்டு. ஊட்டி ரயில் பல் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. சிறுநீரகத்தில்கூட நம்ம வடிவம் உண்டு. ஹென்லே வளைவை உயிரியல் பாடத்தில் ஹேர்பின் வடிவம் என்றுதான் சொல்வார்கள். பயோ குரூப் படித்த நண்பர்கள் சரிபார்த்துக்கொள்ளவும்.

வளைவுகளுக்கு எண் மட்டும் போதுமா என்று கேட்டவர்களும் இருக்கிறார்கள். பிரான்சில் சைக்கிள் பந்தயத்துக்குப் பேர்போன ஆல்ப் து ஊஸ் மலை ரோட்டில் 21 வளைவுகள், நம்மைவிட ஒன்று கூட. அங்கே எண்ணிக்கை கீழேயிருந்து 21, 20, 19 என்று இறங்குமுகமாகப் போகும். இன்னும் எத்தனை பாக்கி என்று மூச்சு வாங்குகிறவனுக்குத் தெரிய வேண்டுமே! அந்தப் பலகைகளில் பந்தயத்தில் ஜெயித்தவர்களின் பெயர்களும் உண்டு. நம்ம தேனி மாவட்டத்தில் மேகமலை ரோட்டின் 18 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் பூக்களின் பெயர் வைத்திருக்கிறார்கள். வால்பாறை ரோட்டின் ஒன்பதாவது வளைவில் இருக்கும் காட்சி முனைக்கு, அந்த ரோட்டைப் போட்ட லோம் என்ற ஆங்கிலேயரின் பெயர்.

எனக்குப் பிடித்தது இலங்கையில் இருக்கிறது. கண்டியிலிருந்து மகியங்கனை போகும் ரோட்டில் ஒரு மலை இறக்கம். சிங்களத்தில் தஹ அட்ட வங்குவ, பதினெட்டு வளைவு என்று அர்த்தம். அங்கே ஊசியும் இல்லை, கொண்டையும் இல்லை, வெறும் வளைவும் எண்ணும்தான். பிறகு ரோட்டை அகலப்படுத்தித் திருத்தி அமைத்தபோது அதில் ஒரு வளைவு போய்விட்டது. இப்போது எண்ணினால் பதினேழுதான் வரும். பெயர் மட்டும் இன்னும் பதினெட்டு வளைவு.